துறைமுகத்திலும் வாட்ஸ்ஆப்பிலும் களப்பணி: முதல்முறை இறங்குபவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை ஏலம் நடக்கும்போது வியாபாரிகளின் பையிலும் இடுப்பிலும் போன் ஓயாமல் அதிரும். கூடை கைமாறுவதற்குள் அதன் படம் வியாபாரிகளின் வாட்ஸ்ஆப் குழுவில் போய்விடும். இப்படிக் கரையிலும் போனிலும் ஒரே நேரத்தில் நடக்கிற வாழ்க்கையை, அந்த மக்களோடு நீண்ட நாள் இருந்து, பார்த்து, கேட்டு, எழுதுவதுதான் இனவரைவியல் களப்பணி. ஆய்வு மாணவர்களை இந்தத் துறைமுகத்துக்குக் கூட்டிப் போவது சில ஆண்டுகளாக என் வேலையில் ஒரு பகுதி. பெரும்பாலும் எல்லோரும் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள், அதுவும் படிகளின் வரிசையை மாற்றிவிடுவதால். எனவே கீழே உள்ள எண்களை வரிசை மாற்றாமல் பின்பற்றுங்கள். குறிப்பாக 7ஆம் படியை முதலில் செய்யாதீர்கள். ஆசை அங்கேதான் இழுக்கும்.

1. கேள்வியைச் சின்னதாக்குங்கள், காலத்தைப் பாருங்கள்

"மீனவர் வாழ்வியல்" என்பது தலைப்பு மட்டும்தான், அதில் கேள்வி இல்லை. "ஏலம் முடிந்த கூடை அடுத்து யாரிடம் போகும் என்பது எப்படி முடிவாகிறது? அதில் போனுக்கு என்ன பங்கு?" என்பது கேள்வி. ஓர் இடம், ஒரு செயல், அதில் ஈடுபடும் ஆட்கள் ஆகிய மூன்றும் கேள்விக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் களத்தில் எல்லாமே முக்கியமாகத் தெரியும், நோட்டு நிறையும், கடைசியில் எதையும் எழுத முடியாது.

அடுத்தது காலம். கல்லூரி விடுமுறை என்று மே மாதத்தில் வந்து இறங்குகிறவர்கள் அதிகம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஏலத்தைப் பார்க்க வந்தவர் வலை பின்னுவதையும் படகுக்குப் பெயின்ட் அடிப்பதையும் பார்த்துவிட்டு "களம் சரியில்லை" என்பார். களத்தின் மேல் குற்றமில்லை, காலண்டரைப் பார்க்காமல் வந்ததுதான் குற்றம். ஒருவேளை உங்கள் கேள்வியே "தடைக்காலத்தில் குடும்பம் எப்படி ஓடுகிறது" என்றால், அதைவிட நல்ல காலம் இல்லை. புரட்டாசியில் அசைவம் சாப்பிடாத வீடுகள் அதிகம் என்பதால் விற்பனை வேறு மாதிரி இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பல நாள் கடலுக்கே போகமாட்டார்கள். மாசிமகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரை தீர்த்தவாரிக் கூட்டத்தில் இருக்கும். மூன்று மாத ஆய்வென்றால் எந்த மூன்று மாதம் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

எந்தச் செயலியை ஆராய்வது என்பதை இப்போது முடிவு செய்ய வேண்டாம். "பேஸ்புக்கில் மீன் வியாபாரம்" என்று தலைப்பைப் பதிவு செய்துவிட்டு வந்த ஒருவர், அவர் சந்தித்த வியாபாரிகளில் பேஸ்புக்கை ஆண்டுக்கணக்காகத் திறக்காதவர்களே அதிகம் என்பதை மூன்றாவது வாரத்தில் கண்டுபிடித்தார். ஆட்கள் போகும் இடத்துக்கு நீங்கள் பின்னால் போக வேண்டும்.

2. கையில் இருக்க வேண்டியவை

சட்டைப்பைக்குள் அடங்கும் சின்ன நோட்டு ஒன்று. பெரிய நோட்டைப் பார்த்தால் கணக்கெடுக்க வந்த ஆள் என்றுதான் நினைப்பார்கள். சாதாரண பால்பாயின்ட் பேனா இரண்டு. ஜெல் பேனா மீன் தண்ணீர் பட்டால் கரைந்துவிடும், ஒரு முழு நாள் குறிப்பு அப்படி எனக்குப் போயிருக்கிறது. போனைப் போட்டு வைக்க ஒரு பிளாஸ்டிக் கவர். வழுக்காத ரப்பர் செருப்பு.

கல்லூரி கொடுத்த கடிதம் பைக்குள் இருக்கட்டும், கேட்டால் மட்டும் எடுங்கள். உங்கள் ஆய்வு என்ன என்பதை எளிய தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி நாலைந்து நகல் வைத்திருங்கள். கேமரா வேண்டாம். முதல் வாரத்தில் போனிலும் படம் எடுக்காதீர்கள்.

இருட்டில் போய்ச் சேர வேண்டிய களம் இது. ஆணோ பெண்ணோ, முதல் சில நாள் தெரிந்தவர் ஒருவரோடு போங்கள், எங்கே இருக்கிறீர்கள் என்று வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும். தனியாகப் போவதை வீரக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

3. அனுமதி: வரிசை முக்கியம்

அனுமதி ஒரே தாளில் முடிவதில்லை, அடுக்கடுக்காக வாங்க வேண்டும். முதல் அடுக்கு உங்கள் கல்லூரியும் வழிகாட்டியும், நெறிமுறைக் குழு இருந்தால் அதுவும். அடுத்தது ஊர். கடைசியில் ஒவ்வொரு ஆளும்.

ஊர் என்று நான் சொல்வது ஊர்ப் பஞ்சாயத்தாரை. இந்தக் கரையோரக் குப்பங்களில் தேர்தலில் வரும் ஊராட்சி வேறு, கடல் தகராறையும் கோயில் திருவிழாவையும் பார்த்துக்கொள்ளும் ஊர்ப் பஞ்சாயத்து வேறு. சோனாங்குப்பத்திலோ தாழங்குடாவிலோ சில நாள் தங்கி வேலை செய்வதென்றால் முதலில் அவர்களைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும். துறைமுகத்துக்குள் வேலை என்றால் மீன்வளத்துறை அலுவலகத்திலும் சொல்ல வேண்டும்தான். ஆனால் அதிகாரியோடு ஜீப்பில் போய் இறங்காதீர்கள். முதல் நாள் யாரோடு வந்தீர்களோ அவருடைய ஆளாகத்தான் கடைசிவரை பார்க்கப்படுவீர்கள். கட்சிக்காரர் ஒருவரின் பைக் பின்னால் உட்கார்ந்து வந்தாலும் இதே கதைதான்.

ஊர் சொன்னது போதும் என்று நின்றுவிடுவது அடுத்த பிழை. தலைவர் "தாராளமா இருங்க தம்பி" என்றால், கூறு கட்டி மீன் விற்கும் அக்கா உங்களிடம் பேச ஒப்புக்கொண்டார் என்று ஆகாது. அவரிடம் தனியாகக் கேட்க வேண்டும், அவர் வேண்டாம் என்றால் சரி என்று நகர வேண்டும்.

என்ன சொல்லிக் கேட்பது? நான்கு விஷயம் போதும். நான் யார், எதைத் தெரிந்துகொள்ள வந்திருக்கிறேன், எத்தனை நாள் வருவேன், இதனால் உங்களுக்கு என்ன கிடைக்காது. நாலாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். 2004 சுனாமிக்குப் பிறகும், 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்த பிறகும், இந்தக் கரையில் பேனாவும் தாளுமாகப் பெயர் எழுதிக்கொண்டு போனவர்கள் கணக்கில்லை. எனவே நீங்கள் நோட்டை எடுத்தாலே நிவாரணம், வீடு, லோன் என்று ஓர் எதிர்பார்ப்பு எழும். "எழுதிக்கிட்டுப் போனா ஏதாச்சும் வருமா?" என்று கேட்பார்கள். வராது என்பதை முதல் நாளே, முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். இரண்டாவது மாதத்தில் மறுபடியும் சொல்லுங்கள்.

கையெழுத்து வாங்கும் படிவத்தை முதல் நாளே நீட்டாதீர்கள். கையெழுத்து என்றாலே கடன் பத்திரம் நினைவுக்கு வருகிற இடம். வாய்ச்சொல்லில் சம்மதம் வாங்கி, அதைத் தேதி போட்டு உங்கள் குறிப்பில் எழுதுங்கள். கல்லூரி கையெழுத்துதான் வேண்டும் என்றால், பழகிய பிறகு படிவத்தை முழுதும் வாசித்துக் காட்டிவிட்டு வாங்குங்கள். அதுவரை அவர் சொன்னதை ஆய்வில் சேர்க்காதீர்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து, அடியைச் சுருக்கி இழுக்கும் சுருக்குமடி வலையைப் பற்றி முதல் மாதத்தில் வாய் திறக்காதீர்கள். தமிழக அரசு 2000இல் தடை செய்தது, உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் 12 கடல் மைலுக்கு அப்பால் வாரத்தில் 2 நாள் என்று நிபந்தனைகளோடு இடைக்கால அனுமதி கொடுத்தது. அதற்கு ஆதரவான குப்பமும் எதிரான குப்பமும் இந்த மாவட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நீங்கள் கேள்வி கேட்கும் விதத்திலேயே எந்தப் பக்கத்து ஆள் என்று முடிவு கட்டிவிடுவார்கள். அவர்களாக எடுத்துப் பேசும் நாள் வரும், அன்று கேட்டுக்கொண்டால் போதும்.

4. முதல் வாரம்: வாயை மூடி, கண்ணைத் திறந்து

கேள்வித்தாளோடு போகிறவர்களுக்குப் பதில் கிடைக்கும். அந்தப் பதில்கள் எல்லாம் ஒன்று போலவே இருக்கும், ஏனென்றால் வெளியாளுக்குச் சொல்வதற்கென்றே சில பதில்கள் எல்லோரிடமும் தயாராக உண்டு. அதனால் முதல் வாரம் கேள்வியே வேண்டாம்.

முதல் நாள் வரைபடம் போடுங்கள். ஏலக்காரர் நிற்கும் இடம், ஐஸ் உடைக்கும் இடம், பெண்கள் உட்காரும் வரிசை, வண்டிகள் நிற்கும் பக்கம், டீக்கடை. அழகாக வர வேண்டியதில்லை. இரண்டாம் நாள் அதே படத்தைப் புதிதாகப் போடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் முதல் நாள் பார்க்கத் தவறியது.

அப்புறம் ஓர் இடத்தில் 15 நிமிடம் நின்று ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். இன்று கைகளை மட்டும், நாளைக்குப் போன்களை மட்டும். யார் எடுக்கிறார், எப்போது எடுக்கிறார், பேசுகிறாரா, படம் எடுக்கிறாரா, அடுத்தவரிடம் திருப்பிக் காட்டுகிறாரா. அலைந்து திரிந்தால் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தெரியும், எதுவும் முழுசாகத் தெரியாது.

போணி ஆகும் முன் விற்கிறவர்களிடம் போய் விலை கேட்டுவிட்டு வாங்காமல் நகராதீர்கள். என்னோடு வந்த மாணவி ஒருவர் வஞ்சிரம் என்ன விலை என்று ஆய்வு ஆர்வத்தில் கேட்டு, வாங்கிக்கட்டிக்கொண்டார். அன்று அந்த அக்காவுக்கு வியாபாரம் மந்தமானதற்கும் அவர்தான் காரணம் என்று ஆனது. மறுநாள் முதல் ஆளாகப் போய்க் கால் கிலோ காரப்பொடி மீன் வாங்கிய பிறகுதான் பேச்சு வந்தது.

சும்மா நிற்கும் ஆள் எல்லோருக்கும் உறுத்தல். சின்ன வேலை எதையாவது பிடித்துக்கொள்ளுங்கள்: டீ வாங்கி வருவது, கூடையின் மறுகாதைப் பிடிப்பது, பாட்டிக்குப் போனில் நம்பர் போட்டுக் கொடுப்பது. பங்கேற்பு என்று பாடத்தில் சொல்வது இவ்வளவுதான். ஏலத்தில் நீங்களே விலை கேட்கும் அளவுக்குப் போக வேண்டாம்.

5. அன்றிரவே எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள். களப்பணி கெட்டுப்போவது பெரும்பாலும் களத்தில் இல்லை, அன்று மாலை வீட்டில்தான்.

களத்தில் நோட்டில் எழுதுவது குறுங்குறிப்பு: ஒரு சொல், ஓர் எண், யாரோ சொன்ன ஒரு வரி, மணி. அதை ஏலம் நடக்கும் நடுவில் நின்று எழுதாமல் டீக்கடைக்குப் போய் எழுதுங்கள். அன்றைக்கே உட்கார்ந்து அந்தத் துண்டுகளை முழுக் குறிப்பாக விரிக்க வேண்டும். ஒரு மணி நேரம் பார்த்ததை எழுத எனக்கு இரண்டு மணி நேரமாவது ஆகிறது. அதைக் கணக்குப் போட்டுத்தான் களத்தில் இருக்கும் நேரத்தை முடிவு செய்ய வேண்டும். ஆறு மணி நேரம் நின்றுவிட்டு வந்து அரைப்பக்கம் எழுதித் தூங்குவதைவிட, இரண்டு மணி நேரம் நின்று எட்டுப் பக்கம் எழுதுவது மேல். ஆரம்பத்தில் நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு வாரத்தை மொத்தமாக எழுதினேன். இப்போது எடுத்துப் படித்தால் ஐந்து நாளும் ஒரே நாள் மாதிரி இருக்கிறது.

எழுதும் முன் நண்பரிடம் போனில் அன்றைய கதையைச் சொல்லாதீர்கள். ஒரு தடவை சொல்லிவிட்டால் அது சுவையான கதையாகிவிடும், பொருந்தாத துண்டுகள் உதிர்ந்துவிடும். அந்தப் பொருந்தாத துண்டுகள்தான் பின்னால் தேவைப்படும்.

முழுக் குறிப்பில் மூன்றைப் பிரித்து எழுதுங்கள். பார்த்ததும் கேட்டதும் ஒரு பக்கம். சொல்லப்பட்ட வார்த்தைகள், மேற்கோள் குறிக்குள். நீங்கள் நினைத்தது, ஓரத்தில் வேறு நிறத்தில். புதியவர் ஒருவர் இப்படி எழுதினார்:

"ஏலக்காரர் வியாபாரியிடம் கோபமாகச் சண்டை போட்டார். மீன் பிடிப்பு குறைவு என்பதால் எல்லோரும் வருத்தமாக இருந்தனர்."

இதில் பார்த்தது ஒன்றுமே இல்லை, எல்லாம் முடிவுகள். திருத்தி எழுதச் சொன்ன பிறகு வந்தது இது:

"5.40. ஏலக்காரர் குரலை உயர்த்தி, வலது கையை வியாபாரியின் முகத்துக்கு அருகே நீட்டி, 'நேத்து வாங்குனதுக்கே இன்னும் வரல' என்றார். வியாபாரி சிரித்தார். பக்கத்தில் இருந்த இருவர் திரும்பிப் பார்க்கவில்லை. கூடை அதே வியாபாரிக்குத்தான் போனது. படகிலிருந்து இறங்கியவர் 'இன்னிக்குப் பாடு இல்ல' என்றார், யாரைப் பார்த்தும் சொல்லவில்லை."

இரண்டாவதைப் படித்தால் அது சண்டையே இல்லை, பழைய பாக்கியைக் கேட்கும் வழக்கமான பேச்சு என்று தெரிகிறது. மோட்டார் சத்தத்துக்கும் அலைக்கும் நடுவே பேசிப் பழகியவர்களின் சாதாரணக் குரலே நமக்குக் கோபமாகக் கேட்கும். "கோபம்" என்று எழுதிவிட்டால் பின்னால் அதைச் சரிபார்க்க வழியே இல்லை. "திரும்பிப் பார்க்கவில்லை" என்று எழுதியிருந்தால் வழி உண்டு.

இன்னொன்று: பேச்சை எழுத்துத் தமிழாக மாற்றாதீர்கள். "பாடு இல்ல" என்பதை "மீன்பிடிப்பு குறைவு" என்று ஆக்கினால் "பாடு" என்ற சொல்லோடு வருகிற உழைப்பும் அதிர்ஷ்டமும் போய்விடும். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றின் பெயர் வந்தால் அப்படியே எழுதி, அர்த்தத்தை அவர்களிடமே கேட்டு வையுங்கள். அகராதி சொல்லும் திசையும் இந்தக் குப்பத்தில் சொல்லும் திசையும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

6. பேட்டி: இரண்டு வாரத்துக்குப் பிறகு

முகம் பழகிய பிறகுதான் உட்கார்ந்து பேச வேண்டும். ஏலம் நடக்கும்போது யாரையும் ஓரமாகக் கூப்பிடாதீர்கள். வலை சரிசெய்யும் மதிய நேரம் நல்லது, கை வேலையில் இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும். தெருத்தெருவாக மீன் விற்கப் போகும் பெண்கள் வீடு திரும்பிச் சோறாக்கி முடிக்கும் வரை காத்திருங்கள்.

"ஏன்" என்று தொடங்கும் கேள்வியைத் தவிருங்கள். "ஏன் அந்த வியாபாரிக்கே கொடுக்கிறீங்க?" என்று கேட்டால் குற்றம் சாட்டுவதுபோல இருக்கும், நியாயம் சொல்ல ஆரம்பிப்பார்கள். "நேத்து காலையில படகு வந்ததுலேருந்து என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்கண்ணே" என்று கேளுங்கள். நேற்றைய நாளைச் சொல்லும்போது கடன், உறவு, போன் எல்லாம் தானாக வந்து விழும். நடுவில் மௌனம் வந்தால் அடுத்த கேள்வியைப் போட்டு நிரப்பாதீர்கள். பத்து நொடி பொறுத்தால் நீங்கள் கேட்கத் தெரியாத ஒன்றைச் சொல்வார்கள்.

ஒலிப்பதிவுக்கு முன்பே கேட்டு, போனை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வையுங்கள். திறந்த வெளியில் காற்று எல்லாவற்றையும் விழுங்கும், சுவர் மறைவில் உட்காருங்கள். கோப்புக்குத் தேதியும் குறியெண்ணும் மட்டும் பெயராக இருக்கட்டும், ஆள் பெயர் வேண்டாம். முதல் மூன்று பதிவுகளையாவது நீங்களே கேட்டு எழுதுங்கள். உங்கள் கேள்வி எவ்வளவு நீளம் என்பதும் எங்கே குறுக்கே பேசினீர்கள் என்பதும் அப்போதுதான் காதில் விழும்.

ஆண்களிடம் மட்டுமே பேசிவிட்டுத் திரும்புவது நான் அதிகம் பார்க்கும் பிழை. கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க மனைவியிடம் கேட்பதும் கிட்டத்தட்ட அதேதான்.

7. இப்போது போனுக்குள் போங்கள்

கரையில் ஒரு மாதமாவது இருந்த பிறகு குழுவுக்குள் போகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குழுவில் ஒருவர் காலை 5.50க்கு ஒரு கட்டைவிரலை மட்டும் போடுவார். அவர் யார், அந்த நேரத்தில் எங்கே நிற்பார், யாருக்குப் பாக்கி என்று தெரிந்திருந்தால்தான் அந்தக் கட்டைவிரலுக்கு அர்த்தம். இல்லாவிட்டால் அது வெறும் கட்டைவிரல்.

நுழைவு. உங்களைத் தெரிந்த உறுப்பினர் ஒருவர் மூலம் அட்மினிடம் பேசுங்கள். அட்மினின் சம்மதம் கதவைத் திறக்கும், உள்ளே இருக்கும் மற்றவர்களின் சம்மதம் ஆகாது. சேர்ந்த உடனே உங்கள் குரலில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுங்கள்: "நான் இன்னார், ஆய்வுக்காக இந்தக் குழுவைப் பார்க்கிறேன், பெயரும் நம்பரும் எங்கேயும் எழுதமாட்டேன், என் செய்தியைச் சேர்க்காதே என்று யார் தனியாகச் சொன்னாலும் சேர்க்கமாட்டேன்." எழுதிப் போட்டால் பாதிப் பேர் படிக்கமாட்டார்கள். புதியவர்கள் சேர்ந்துகொண்டே இருப்பார்கள் என்பதால் மாதம் ஒருமுறை இதைத் திரும்பப் போடுங்கள். புரொபைலில் உங்கள் உண்மையான படமும் "ஆய்வு மாணவர்" என்ற வரியும் இருக்கட்டும். மீன் வாங்கும் ஆள்போல நடித்துச் சேர்வது ஒளிந்திருந்து கேட்பதற்குச் சமம்.

பார்க்கும் நேரம். குழுவை இரவில் மொத்தமாகப் படிக்காதீர்கள். ஐம்பது செய்திகளும் ஒரே பட்டியலாகத் தெரியும், நடுவில் இருந்த காத்திருப்பு மறைந்துவிடும். காலையில் அரை மணி நேரம் நேரலையாகப் பாருங்கள், இரவில் ஒருமுறை விட்டதைப் பாருங்கள். படம் வந்த மணி, முதல் பதில் வந்த மணி, பதிலே வராத செய்தி, "பார்வர்டு" என்று குறி போட்டு வந்தது, யார் குழுவைவிட்டுப் போனார் ஆகிய எல்லாமே களக்குறிப்புதான். வாய்ஸ் மெசேஜில் சொல் மட்டும் போதாது. பின்னணியில் எஞ்சின் ஓடுகிறதா, கோயில் மணி கேட்கிறதா, ஆள் மூச்சு வாங்குகிறாரா என்பதையும் எழுதுங்கள்.

எடுக்கக் கூடாதவை. குழுவின் உரையாடலை மொத்தமாக எக்ஸ்போர்ட் செய்யும் வசதி வாட்ஸ்ஆப்பில் இருக்கிறது, அதைத் தொடாதீர்கள். நீங்கள் கேட்காத, அவர்கள் கொடுக்காத நூறு பேரின் நம்பரும் குடும்ப விஷயமும் அதில் வந்துவிடும். அனுப்பியவர் அழித்த செய்தியை நீங்கள் முன்பே பார்த்துவிட்டாலும், அது இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். "ஒன்று அழிக்கப்பட்டது" என்று மட்டும் குறிக்கலாம். 18 வயதுக்குக் கீழே உள்ள பையன்கள் போடுவதைச் சேர்க்காதீர்கள். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தையாகத்தான் பார்க்கிறது, பெற்றோர் சம்மதம் கேட்கிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்தே ஆக வேண்டுமென்றால் முகம், பெயர், நம்பர் ஆகியவற்றை அப்போதே மறைத்துச் சேமியுங்கள். "பிறகு மறைக்கிறேன்" என்றவர் யாரும் மறைத்து நான் பார்த்ததில்லை.

யூடியூபில் மீன் வீடியோவுக்குக் கீழே வரும் கருத்துகளையும் பொதுவான பேஸ்புக் பக்கங்களையும் பொறுத்தவரை, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதற்காக எழுதியவர் உங்கள் ஆய்வுக்குச் சம்மதித்தார் என்று ஆகாது. ஒரு வரியை அப்படியே மேற்கோள் காட்டினால், அதைத் தேடுபொறியில் போட்டு எழுதியவரை எளிதில் கண்டுபிடித்துவிடலாம். கருத்தை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள். தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பவர்களின் எழுத்துக்கூட்டலே கைரேகை மாதிரி, நெருங்கியவர்கள் பார்த்த உடனே ஆளைச் சொல்லிவிடுவார்கள். மேலும், பேஸ்புக் உங்களுக்கு முதலில் காட்டுவதை இன்னொருவருக்கு முதலில் காட்டாது. எந்தக் கணக்கில், எந்த நாளில், எந்த வரிசையில் பார்த்தீர்கள் என்று எழுதி வைக்காவிட்டால், உங்கள் போன் உங்களுக்குக் காட்டியதை ஊர் முழுக்கப் பேசுகிறது என்று எழுதிவிடுவீர்கள்.

8. கரையையும் போனையும் எதிரெதிரே வையுங்கள்

ஒரு மாணவர் குழுவை மட்டும் பார்த்துவிட்டு "இந்த மாதம் நல்ல பாடு" என்று எழுதினார். பெரிய வஞ்சிரம், கொடுவா, பாறை என்று தினமும் படம் வந்துகொண்டிருந்ததுதான் காரணம். அதே நாட்களில் நான் கரையில் நின்றிருந்தேன். பாதிக்கு மேல் படகுகள் டீசல் காசுக்குக்கூடப் பிடிக்காமல் வந்தன. வெறுங்கூடையை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை. நன்றாகக் கிடைத்தவரும் எந்த இடத்தில் வலை விட்டார் என்பதைக் குழுவில் சொல்வதில்லை. போனில் காட்டுவது எது, காட்டாதது எது என்பதுதான் அந்த மாணவரின் கேள்வியாகப் பிறகு மாறியது. நல்ல ஆய்வாகவும் வந்தது.

இதை ஒழுங்காகச் செய்ய ஒரு நாளை எடுத்து மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: கரையில் மட்டும் நடந்தது, போனில் மட்டும் நடந்தது, இரண்டிலும் நடந்தது. ஆட்களையும் அப்படியே பிரியுங்கள். புதுச்சேரிப் பக்கத்திலிருந்து விலை கேட்கும் வியாபாரியைக் கரையில் ஒருநாளும் பார்த்திருக்கமாட்டீர்கள், குழுவில் அவர்தான் முதல் குரல். கூடை சுமக்கும் பாட்டியிடம் பட்டன் போன்தான் இருக்கும், ஆனாலும் மகன் வழியாகக் குழுவின் விலை அவர் காதுக்கு வந்துவிடும். குழுவில் இல்லாதவருக்கும் குழுவின் தாக்கம் உண்டு. இது கரையில் இருந்தால்தான் தெரியும்.

9. குறிப்புகளைப் பிரித்துப் படித்தல்

இதை ஆய்வு முடிந்த பிறகு செய்ய வேண்டியதாக நினைக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எல்லாக் குறிப்பையும் முதலிலிருந்து படித்து, ஓரத்தில் ஒரு சொல்லால் குறியிடுங்கள்: "பாக்கி", "முதல் விலை", "காட்டாதது". அவர்கள் சொல்லும் சொல்லே குறியாக இருந்தால் நல்லது. இதற்கு விலையுயர்ந்த மென்பொருள் தேவையில்லை, கலர் பென்சிலும் எக்செல் தாளும் போதும். ஒரு குறி திரும்பத் திரும்ப வந்தால் அதற்கு எதிரான நிகழ்வு ஒன்றைத் தேடி அடுத்த வாரம் களத்துக்குப் போங்கள்.

10. பெயரை மறைத்தால் போதாது

"துறைமுகத்தில் ஏலம் விடும் ஒரே பெண்" என்று எழுதிவிட்டுப் பெயரை மாற்றி என்ன பயன்? கடலூரில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். வயது, படகின் நிறம், தெரு, பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றில் வாதத்துக்குத் தேவைப்படாததை மாற்றுங்கள் அல்லது எடுத்துவிடுங்கள். படகின் பதிவு எண் தெரியும் படத்தை வெளியிடாதீர்கள். புனைபெயருக்கும் உண்மைப் பெயருக்குமான பட்டியல் ஒரே ஒரு தாளில், வீட்டில், பூட்டிய இடத்தில் இருக்கட்டும். களத்துக்குக் கொண்டுபோகும் நோட்டில் குறியெண் மட்டும்.

அச்சில் போகும் முன் ஓர் எளிய சோதனை இருக்கிறது. அந்த ஊரைத் தெரிந்த, ஆனால் உங்கள் ஆய்வில் இல்லாத ஒருவரிடம் இரண்டு பக்கத்தைக் கொடுங்கள். "இது இன்னாரா?" என்று அவர் கேட்டால் இன்னும் மறைக்க வேண்டும்.

11. கிளம்புவது

ஒருநாள் திடீரென்று வராமல் போவதுதான் வழக்கமாக நடக்கிறது. கடைசி நாள் எது என்பதை இரண்டு வாரம் முன்பே சொல்லத் தொடங்குங்கள். "போறாங்க" என்று தெரிந்த பிறகுதான் சிலர் மனதில் இருப்பதைச் சொல்வார்கள், அந்த இரண்டு வாரத்தில் வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

எழுதியதில் அவர்களைப் பற்றிய பகுதியை எடுத்துப் போய் வாசித்துக் காட்டுங்கள், பேச்சுத் தமிழில். ஒருவர் "நான் சொன்னது சரிதான், ஆனா இதைப் போடாதீங்க" என்றால் எடுத்துவிடுங்கள். இன்னொருவர் "தப்பா எழுதியிருக்க" என்றால், அவர் சொல்லும் திருத்தத்தையும் உங்கள் பழைய வரியையும் சேர்த்தே வையுங்கள்.

குழுவிலிருந்து சத்தமில்லாமல் வெளியேறாதீர்கள். சேர்ந்தபோது போட்டது போலவே ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுங்கள்: ஆய்வு முடிந்தது, இன்றிலிருந்து எதையும் குறித்துக்கொள்ளப் போவதில்லை, நன்றி. பதில் சொல்ல ஒரு நாள் விட்டு, மறுநாள் ஏலம் முடிந்த பிறகு வெளியேறுங்கள். அப்புறம் போனிலும் கூகுள் டிரைவிலும் கிடக்கும் ஸ்கிரீன்ஷாட்டுகளை அழியுங்கள். வாட்ஸ்ஆப் பேக்கப்பில் அதே படங்கள் இன்னொரு முறை கிடக்கும், அங்கேயும் பாருங்கள்.

முதுநகர் பக்கம் மறுபடி போகும்போது போணி ஆகும் நேரத்தில் போனால், காரப்பொடி கால் கிலோ வாங்காமல் வரமுடியாது. அதற்குச் சில்லறை எடுத்துப் போங்கள்.